கொடுத்தது கடன்தான் என்று காட்டுவது எப்படி? அறவிட முடியாக் கடனை வரியில் கழிக்க முழுமையான வழிகாட்டி

கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி இருக்கிறார். பருப்பு, வெங்காயம், செத்தல் மிளகாய். நவம்பர் மாதம் பிறந்தால் கணக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார். ஒரு வருடம் கட்டோடு ஒரு துண்டுச் சீட்டையும் மேசையில் வைத்தார். "பதுளை ஆள் – 18" என்று மட்டும் எழுதியிருந்தது. பதினெட்டு லட்சம். ஆள் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார், போனும் வேலை செய்யவில்லை. "இதையும் நட்டத்தில போட்டுவிடுங்கோ" என்றார்.

போடலாம்தான். ஆனால் நாளைக்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் மதிப்பீட்டாளர் கூப்பிட்டுக் கேட்டால் இந்தத் துண்டுச் சீட்டை வைத்து என்ன சொல்வது? இவருடைய பணம் போய்விட்டது என்பதை அவரும் நம்புவார். போன பணம் கடனாகப் போனதா, உதவியாகப் போனதா, பங்குக்காகப் போனதா என்றுதான் கேட்பார். கடன் கெட்டுவிட்டதைக் காட்ட ஓடித் திரியும் பலர், முதலில் அது கடனாக இருந்ததைக் காட்ட மறந்துவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதல் படி: உங்கள் கடன் எந்த வகை?

பதுளைக்காரரின் 18 லட்சத்தைக் கிளறிப் பார்த்தபோது அது இரண்டாகப் பிரிந்தது. 12 லட்சம் கடனுக்குக் கொடுத்த சரக்கு. மிச்சம் 6 லட்சம், லொறி எஞ்சின் செய்யவென்று கையில் கொடுத்த காசு. வியாபாரிக்கு இரண்டும் ஒரே ஆள், ஒரே கடன். வரிக்கு இரண்டும் வேறு வேறு.

இலங்கையில் இப்போது நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். 2018 ஏப்ரல் 1இலிருந்து அமுலில் இருக்கிறது. ஏற்கெனவே உங்கள் வருமானத்தில் சேர்த்துக் கணக்குக் காட்டிய தொகை பிறகு கைக்கு வராமல் போனால், அதைப் பதிவழித்து, அதாவது வராத கடன் என்று பேரேட்டிலிருந்து எழுதி நீக்கி, கழிக்க அது இடம் தருகிறது. 12 லட்சம் சரக்கு விற்பனையாகக் கணக்கில் ஏறியது, இலாபத்தில் கலந்தது, அதற்கு வரியும் கட்டியாயிற்று. வராத காசுக்குக் கட்டிய வரி என்பதால் திருத்திக்கொள்ளலாம்.

6 லட்சம் ஒருபோதும் வருமானமாக வந்ததில்லை. அது அவருடைய முதல். பணம் கொடுத்து வட்டி வாங்குவதையே தொழிலாக வைத்து, அந்த வட்டியை வருடா வருடம் காட்டி வருபவருக்கு முதல் போனதும் தொழில் நட்டம் என்று வாதாட வழி உண்டு. பருப்பு வியாபாரி நல்ல மனதோடு கொடுத்த கைமாற்றுக்கு அந்த வழி மிகவும் ஒடுக்கமானது. அண்ணன் மகனின் கலியாணத்துக்கு, மச்சானின் வீட்டுக்குக் கொடுத்ததென்றால் யோசிக்கவே வேண்டாம். அது சொந்தச் செலவுப் பக்கம் போய்விடும். அதை வியாபாரக் கணக்கில் நுழைக்கப் பார்த்தால், நல்ல 12 லட்சத்தின் மேலும் சந்தேகம் விழும். நான் 6 லட்சத்தை வெளியே எடுத்துவிட்டேன். அவருக்குக் கோபம்தான்.

இரண்டாம் படி: அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்

கடன் என்றால் திருப்பிக் கொடுக்கும் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தக் கட்டாயம் பணம் கைமாறிய நாளிலேயே இருந்திருக்க வேண்டும். பின்னர் மனஸ்தாபம் வந்தபோது முளைத்ததாக இருக்கக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க அவர்கள் கேட்கும் கேள்விகள் நம் ஊர்க் கிழவிகள் கேட்பது போலத்தான் இருக்கும்.

எப்போது திருப்பித் தருவதாகப் பேச்சு? வட்டி உண்டா? வாங்கியவருக்கு அன்றைக்குத் திருப்பிக் கட்டும் வசதி இருந்ததா, அல்லது ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருந்த ஆளுக்கா கொடுத்தீர்கள்? முதல் தவணை தவறியபோது என்ன செய்தீர்கள்? தவறிய பிறகும் மறுபடி சரக்கு அனுப்பினீர்களா?

கடைசிக் கேள்விதான் பலரைக் கவிழ்க்கிறது. ஆறு மாதமாகக் காசு வரவில்லை, ஒரு கடிதம்கூடப் போடவில்லை, ஆனால் சரக்கு மட்டும் வாரா வாரம் போயிருக்கிறது என்று பேரேடு காட்டினால், நீங்கள் கடன் கொடுத்தவர் போல நடக்கவில்லை என்று அர்த்தம். எவ்வளவு நல்ல பத்திரம் இருந்தாலும் நடத்தை அதற்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

மூன்றாம் படி: பத்திரம்

சரக்குக் கடனுக்குப் பெரிய பத்திரம் தேவையில்லை. விலைப்பட்டியலின் பிரதியில் சரக்கை ஏற்றவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம், கடை முத்திரை, பணம் கட்ட வேண்டிய நாள். இவ்வளவு போதும். லொறிக்காரப் பையன் கிறுக்கிவிட்டுப் போகும் கையெழுத்து போதாது. அந்தப் பையனை நாளைக்கு யார் தேடுவது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை "இன்றைய திகதியில் இவ்வளவு நிலுவை" என்று கடிதம் எழுதி, வாங்கியவரிடம் "சரி" என்று ஒப்பம் வாங்கி வைப்பதுபோல மலிவான காப்புறுதி வேறில்லை.

பணமாகக் கொடுத்தால் புரோநோட்டு, அதாவது வாக்குறுதிச் சீட்டு. புதுக்கடைப் பக்கம் அச்சடித்த படிவம் வாங்கலாம். அதில் முதல், பிடித்த தொகை, வட்டி வீதம் என்று சில வெற்றிடங்கள் இருக்கும். அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது அவற்றைத்தான். 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் மூன்று விடயங்களைச் சீட்டிலேயே தனித்தனியாக எழுதச் சொல்கிறது: உண்மையில் கடனாகக் கொடுத்த முதல், கொடுக்கும்போதே வட்டியாகவோ வேறு செலவாகவோ பிடித்துக்கொண்ட தொகை, ஆண்டு வட்டி வீதம். ஐந்து லட்சத்துக்குச் சீட்டு எழுதி, முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு நாலே முக்கால் லட்சம் கொடுக்கும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. அப்படியானால் அந்தப் பிடித்த இருபத்தையாயிரம் சீட்டில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நீதிமன்றத்திலும் சீட்டு சிக்கலில் மாட்டும், வரியிலும் வங்கிக் கணக்கும் சீட்டும் ஒன்றுக்கொன்று பொய் சொல்லும்.

தொகை பெரிதென்றால் சீட்டோடு நிற்காமல் ஒரு கடன் உடன்படிக்கையும் எழுதுங்கள். எதற்காகக் கொடுக்கிறோம், எத்தனை தவணை, தவறினால் என்ன, பிணை என்ன என்பதைச் சீட்டு சொல்லாது, உடன்படிக்கை சொல்லும். காணியை ஈடாக வாங்கினால் நொத்தாரிசு எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்த ஈட்டு உறுதி வேண்டும். உறுதியை வாங்கி அலுமாரிக்குள் வைத்துக்கொள்வது ஈடு ஆகாது.

கம்பனி பெயரில் கொடுத்தால், இயக்குநர் சபை அன்றைக்கு எடுத்த தீர்மானம் குறிப்புப் புத்தகத்தில் இருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு கம்பனி வைத்து, ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கொடுக்கும்போதுதான் இது மிகவும் தேவைப்படும். பெரும்பாலும் அங்கேதான் இருக்காது.

தமிழில் எழுதலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. வாங்கியவருக்குப் புரிந்த மொழியில் எழுதியது என்பதே ஒரு பலம். கோவையைப் பார்க்கும் அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால், சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்ப்பு எடுத்து இணைத்துவிடுங்கள்.

நான்காம் படி: பணம் போன தடம்

பத்திரம் ஒரு பேச்சு. வங்கிக் கூற்று ஒரு சாட்சி. "ஐந்து லட்சம் கொடுத்தேன்" என்று சீட்டு சொல்லும் நாளில் உங்கள் கணக்கிலிருந்து ஐந்து லட்சம் வெளியேறி அவர் கணக்கில் ஏறியிருந்தால், பாதி வழக்கு முடிந்தது. இணையவழி மாற்றும்போது விவரக் கட்டத்தில் "கடன்" என்று ஒரு சொல் போட்டுவிடுங்கள். அந்த ஒரு சொல் ஐந்து வருடம் கழித்து உங்களுக்காகப் பேசும்.

செட்டியார் தெருவிலும் புறக்கோட்டையிலும் இன்னமும் காசு பையில்தான் நகர்கிறது என்பது எனக்குத் தெரியும். காசாகத்தான் கொடுப்பேன் என்றால், அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதையாவது காட்டத் தயாராக இருங்கள்: அதே நாள் அல்லது முந்தின நாள் வங்கியில் எடுத்தது, காசேட்டில் பதிந்தது, வாங்கியவர் ஒப்பமிட்ட பற்றுச்சீட்டு. வீட்டு அலுமாரியில் இருந்த காசு என்றால் கதை வேறு திசையில் போகும். அந்தக் காசுக்கு வரி கட்டினீர்களா என்ற கேள்வி வரும். கழிவு கேட்கப் போய் வரி கட்டிவிட்டு வந்தவர்கள் உண்டு.

சீட்டுப் பிடித்துக் கொடுத்தது, நகை அடகு வைத்துக் கொடுத்தது எல்லாவற்றுக்கும் இதே விதி. அடகுச் சீட்டின் பிரதியை எடுத்து வையுங்கள்.

ஐந்தாம் படி: வட்டியைக் காட்டினீர்களா?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சீட்டில் வட்டி இருக்கிறது, இரண்டு வருடம் வட்டி வாங்கியும் இருக்கிறீர்கள், ஆனால் வருமான வரி விவரத்திரட்டில் அந்த வட்டி எங்கேயும் இல்லை. இந்த நிலையில் அந்தச் சீட்டை வெளியே எடுப்பது உங்கள் வாயால் நீங்களே மாட்டிக்கொள்வது. முதலில் கணக்காளரிடம் பழைய விவரத்திரட்டைத் திருத்துவது பற்றிப் பேசுங்கள். கழிவு அப்புறம்.

ஆறாம் படி: பத்திரமே இல்லாவிட்டால்

பெரும்பாலானவர்கள் இந்த நிலையில்தான் வருகிறார்கள். வந்ததும் கேட்பது: "பழைய திகதி போட்டு ஒரு சீட்டு எழுதினால் என்ன?"

எழுதாதீர்கள். சட்டப்படி பிழை என்பது ஒருபுறம் இருக்க, அது பிடிபடும் விதம் சிரிப்பாக இருக்கும். 12 இலக்கத் தேசிய அடையாள அட்டை 2016இல்தான் வந்தது. 2014 என்று திகதியிட்ட சீட்டில் 12 இலக்கம் இருந்தால், அந்தச் சீட்டு தன் வயதைத் தானே சொல்லிவிடும். ஒரு பொய்த் தாள் கோவைக்குள் நுழைந்தால் உண்மையான தாள்களும் அதன் பக்கத்தில் அழுக்காகிவிடும்.

இன்றைய திகதியிலேயே ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். "இன்ன ஆண்டு இன்ன மாதம் இவரிடமிருந்து இவ்வளவு பணம் கடனாகப் பெற்றேன், இவ்வளவு திருப்பிக் கொடுத்தேன், இவ்வளவு இன்னும் தர வேண்டும்" என்று வாங்கியவர் கையெழுத்திட வேண்டும். அவர் பிடிபடாவிட்டால், அன்றைக்கு நடந்ததற்கு அன்றைக்கே பிறந்த அடையாளங்களைத் தேடுங்கள். வாட்ஸ்அப் உரையாடல் இங்கே தங்கம். "அண்ணை, அடுத்த மாதம் கட்டாயம் தாறன்" என்ற ஒரு குரல் பதிவு கடன் இருந்ததையும் அவர் ஏற்றுக்கொண்டதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். திரையைப் படம் பிடித்து (ஸ்கிரீன்ஷாட்) வைத்தால் மட்டும் போதாது. முழு உரையாடலையும் தரவிறக்கி, இலக்கமும் திகதியும் தெரிய வைத்திருங்கள். இலத்திரனியல் ஆவணங்களுக்குச் சட்ட மதிப்புக் கொடுக்க 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருக்கிறது. அவர் இடையிடையே திருப்பிக் கட்டிய பத்தாயிரம் இருபதாயிரங்களும் நல்ல சாட்சிகள். இனாமாக வாங்கியவர் எதற்குத் திருப்பிக் கட்டுகிறார்?

ஏழாம் படி: காலம் ஓடுகிறது

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் பலருக்குத் தெரியாத சட்டம். ஈட்டுக் கடனுக்கு வழக்குப் போட 10 ஆண்டு. புரோநோட்டு, எழுத்து உடன்படிக்கை என்றால் 6 ஆண்டு. வாய்ப்பேச்சு என்றால் 3. விற்றுக் கொடுத்த சரக்குக்கும் கடைக் கணக்குக்கும் வெறும் 1 ஆண்டு.

ஆம், ஒரே ஆண்டு. நான்காம் குறுக்குத் தெருவில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மேலே சொன்ன நிலுவைக் கடிதத்தின் அருமை இங்கேதான் தெரியும்: எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ காலம் புதிதாக எண்ணப்படும். காலாவதியாக விட்டுவிட்டு வந்து "அறவிட முடியவில்லை" என்றால், அறவிட முடியாமல் போனதா, நீங்கள் அறவிடாமல் விட்டதா என்று கேட்பார்கள்.

எட்டாம் படி: துரத்தியதைக் காட்டுங்கள்

வங்கிகளுக்கு மத்திய வங்கியின் அளவுகோல் இருக்கிறது. மற்றவர்களிடம் சட்டம் எதிர்பார்ப்பது இரண்டு: பணத்தை வாங்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும், இனி வராது என்று நியாயமாக நம்ப வேண்டும். இரண்டாவது உங்கள் மனதுக்குள் இருப்பது, அதை முதலாவதுதான் வெளியே காட்டும்.

முதலில் நீங்களே எழுதும் நினைவூட்டல்கள். பிறகு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம், பதிவுத் தபாலில். தபால் துண்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்து ஊசி குத்தி வையுங்கள். கடிதம் "ஆள் இல்லை" என்று திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காதீர்கள்! ஒட்டியபடியே இருக்கும் அந்த உறைதான் ஆதாரம்.

செக் வாங்கியிருந்தால் ஆறு மாதத்துக்குள் வங்கியில் போடுங்கள். முகத்தைப் பார்த்துப் போடாமல் வைத்திருந்து பழசாக்கியவர்கள் ஏராளம். திரும்பிய செக்கும் அதோடு வங்கி தரும் காரணச் சீட்டும் திகதியோடு வரும் சாட்சி. பணம் இல்லை என்று தெரிந்தே செக் எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்கீழ் குற்றமும்கூட. அதைச் சுட்டிக்காட்டிய கடிதத்துக்கே சிலர் பணத்தோடு வந்துவிடுவார்கள்.

சிறிய தொகைகளுக்கு மத்தியஸ்த சபை. குறித்த எல்லைக்குக் கீழான பிணக்கு என்றால் சபைக்குப் போகாமல் நீதிமன்றம் ஏற்காது. தீர்வு வராவிட்டால் சபை தரும் சான்றிதழ் வரிக் கோவைக்கு அருமையான தாள், செலவும் கிடையாது. பெரிய தொகையென்றால் வழக்கு. புரோநோட்டுக்கும் செக்குக்கும் சுருக்க நடைமுறை உண்டு.

வழக்குப் போட்டே ஆக வேண்டுமா? இல்லை. எண்பதாயிரம் ரூபாயை எடுக்க ஒன்றரை லட்சம் செலவழிப்பது நியாயமான முயற்சி ஆகாது. ஆனால் ஏன் போடவில்லை என்பதை எழுதி வைக்க வேண்டும். பதுளை விடயத்தில் நாங்கள் செய்தது இது: பூட்டிய கடையின் படம், கடையை வாடகைக்கு விட்டவரிடம் வாங்கிய கடிதம், திரும்பி வந்த உறை, வழக்கால் பயனில்லை என்று சட்டத்தரணி எழுதித் தந்த ஒரு பக்க அபிப்பிராயம். வாங்கியவர் பெயரில் காணி இருக்கிறதா என்று காணிப் பதிவகத்தில் தேடிய விவரமும் சேர்ந்தது.

ஒன்பதாம் படி: பேரேட்டில் பதிவழித்தல்

மதிப்பாண்டு, அதாவது வரி கணக்கிடும் ஆண்டு, ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 முடிகிறது. விவரத்திரட்டு அடுத்து வரும் நவம்பர் 30க்குள். கடன் கெட்டது எந்த ஆண்டோ அந்த ஆண்டுக்குள் பதிவழித்திருக்க வேண்டும். இலாபம் கூடிய வருடமாகப் பார்த்துப் பழைய கடனை இழுத்து வரும் வேலை தெரிந்துவிடும்.

பெயர் சொல்லி, தொகை சொல்லி, தனித்தனியாகப் பதிவழியுங்கள். "கடன்பட்டோரில் 5 வீதம் ஐயக்கடன் ஏற்பாடு" என்று, வராமல் போகலாம் என்ற ஊகத்தில் பொதுவாக ஒதுக்கி வைப்பது கணக்கியலுக்குச் சரி, வரியில் கழியாது. பதிவழித்த பின் அந்த ஆளுக்கு மறுபடி கடனுக்குச் சரக்கு அனுப்பாதீர்கள். "பாவம், விட்டுவிட்டோம்" என்றும் எங்கும் எழுதாதீர்கள். விட்டுக்கொடுத்தது இனாம், அறவிட முடியாமல் போனதுதான் நட்டம்.

சொந்தக்காரர், வெளிநாட்டில் உள்ள சகோதரங்கள்

உறவுக்குள் போகும் பணத்தை எந்த நாட்டு வரி அலுவலகமும் முதலில் அன்பளிப்பாகத்தான் பார்க்கும். அதனால் மச்சானுக்குக் கொடுக்கும்போதுதான் வெளியாருக்குக் கொடுப்பதைவிடக் கவனமாகப் பத்திரம் எழுத வேண்டும். கூச்சமாக இருக்கும், என்ன செய்வது.

வெள்ளவத்தையில் கடை போட அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் பணம் அனுப்பி, அது போய்விட்டால், அவர் கழிவு கேட்பது அமெரிக்கச் சட்டத்தின்படி. அங்கே தொழில்சாராக் கடனுக்கும் இடமுண்டு. ஆனால் கடன் முற்றாகப் பெறுமதி இழந்திருக்க வேண்டும். பாதி வராது என்பது செல்லாது. 8949ஆம் படிவத்தில் குறுங்கால மூலதன நட்டமாகக் காட்டி, கடனின் விவரம், தவணை நாள், வாங்கியவர் பெயரும் உறவும், அறவிட எடுத்த முயற்சி, ஏன் பெறுமதியற்றது என்பதை விளக்கி ஓர் அறிக்கை இணைக்க வேண்டும். மூலதன இலாபம் எதுவும் இல்லாவிட்டால் மற்ற வருமானத்தில் ஆண்டுக்கு 3,000 டொலர் வரைதான் கழியும், மீதி அடுத்த ஆண்டுகளுக்குப் போகும். அவருக்கு வேண்டிய தாள்களை இங்கிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்: கடை மூடியதற்கான கடிதம், வங்கிக் கூற்று, நீங்களே கையெழுத்திட்ட கடன் சீட்டு.

பத்தாம் படி: ஒரு கோவை

ஒவ்வொரு கடனுக்கும் ஒரு கோவை. மேலே ஒரு பக்கத்தில் திகதி வரிசையாகக் கதை. அதன்கீழ் பத்திரம், பணத்தடம், திருப்பிக் கட்டியவை, வட்டி காட்டிய விவரத்திரட்டின் பிரதி, கடிதங்கள், பதிவழித்த நாட்குறிப்புப் பதிவு. பதிவழித்த பின்னும் ஆறு வருடம் எறியாமல் வைத்திருப்பது என் வழக்கம். கொம்பனித்தெருவில் உள்ள திணைக்களத் தலைமையகத்துக்குக் கூப்பிட்டால், மூலப் பத்திரங்களைக் காட்டுங்கள், பிரதிகளை மட்டும் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்பம் வாங்குங்கள்.

பதுளைக்காரர் இரண்டரை வருடம் கழித்துத் திரும்பி வந்தார். மூன்று லட்சம் கொண்டு வந்தார். வியாபாரி எனக்குப் போன் பண்ணி, சரக்குக் கணக்குக்கா லொறிக் கணக்குக்கா வரவு வைப்பது என்று கேட்டார். சரக்குக்கென்றால், பதிவழித்துக் கழித்த கடனில் பிறகு வந்த காசு வந்த ஆண்டின் வருமானம், வரி உண்டு. லொறிக்கென்றால் அது அவருடைய முதல், வரி இல்லை. கொண்டு வந்தவரிடம் எதற்கென்று கேட்டு எழுதி வாங்கச் சொன்னேன். வாங்கி அனுப்பினார்: "சரக்குக் கணக்கில் மூன்று லட்சம்." திகதியும் போட்டிருந்தார்.